பேஸ்மென்ட் பாய்லர்: கவனிப்பதும் நிறுத்துவதும்

மாசசூசெட்ஸ், கனெக்டிகட், மெய்ன் பக்கம் பழைய வீடு வாங்கும் நம்மவர்கள் பலருக்கு வீட்டோடு ஒரு எண்ணெய் பாய்லரும் வந்துசேர்கிறது. டெக்சஸிலோ கலிஃபோர்னியாவிலோ இருந்து மாறி வந்தவர்களுக்கு இது புதுச் சங்கதி. பேஸ்மென்ட் மூலையில் 275 கேலன் கொள்ளளவுள்ள இரும்பு டாங்க், அதிலிருந்து தரையோரமாக வரும் மெல்லிய செப்புக் குழாய், குழாய் முடிகிற இடத்தில் பர்னர், அதை ஒட்டி வார்ப்பிரும்புப் பாய்லர். எண்ணெயை நுண்துளிகளாகத் தெளித்து, மின்பொறியால் பற்றவைத்து, அந்தச் சூட்டில் தண்ணீரைக் காய்ச்சி வீடு முழுக்க அனுப்புகிற ஏற்பாடு.

பர்னரைப் பிரித்து மாட்டுவது வீட்டுக்காரர் வேலையில்லை. மாசசூசெட்ஸில் அதைத் தொடவே ஸ்டேட் ஃபயர் மார்ஷல் அலுவலகத்தின் சான்றிதழ் வேண்டும். ஆனால் எதைக் கண்காணிப்பது, எந்த வரிசையில் நிறுத்துவது, எதில் கை வைக்கக் கூடாது என்பதெல்லாம் வீட்டில் இருக்கும் பெரியவர்கள் அத்தனை பேருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

குடிபுகுந்ததும் தேடிப் பார்க்க வேண்டியவை

முதலாவது, சிவப்புத் தகடு போட்ட ஸ்விட்ச். பெரும்பாலும் பேஸ்மென்ட் படிக்கட்டின் மேல்முனையில் இருக்கும். பாய்லரில் நெருப்போ புகையோ என்றால் அதன் அருகே போகாமலே மின்சாரத்தை நிறுத்துவதற்காகத்தான் அங்கே வைத்திருக்கிறார்கள். விளக்கு ஸ்விட்ச் என்று நினைத்து யாராவது அணைத்துவிடுவதும் அடிக்கடி நடக்கும். வீடு சில்லிட்டுப்போனால் டெக்னீஷியனை அழைக்குமுன் இதை ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஒரு அழைப்புக் கட்டணம் மிச்சமாகலாம்.

அடுத்து, டாங்க்கின் அடியில் எண்ணெய் வால்வு. அதன் கைப்பிடிக்குள் சுமார் 165 டிகிரி ஃபாரன்ஹீட்டில் உருகும் உலோகம் இருக்கும். தீ நெருங்கினால் அது உருக, ஸ்பிரிங் விசையில் வால்வு தானாக மூடிக்கொள்ளும். இந்த வகை வால்வுகளில் சில, சாதாரணக் குழாய்க்கு நேர்மாறான திசையில் திறந்து மூடும். முதல் சர்வீஸின்போது மூடும் திசையைச் செய்து காட்டச் சொல்லி, அம்புக்குறி வரைந்த அட்டை ஒன்றை அதிலேயே கட்டித் தொங்கவிடுங்கள்.

மூன்றாவது, பாய்லருக்குத் தண்ணீர் வரும் வால்வும் அழுத்தமானியும். ஆறிய நிலையில் சுடுநீர் பாய்லரின் அழுத்தம் ஏறத்தாழ 12 பி.எஸ்.ஐ. இருக்கும், சூடானால் கொஞ்சம் ஏறும். 30-ஐத் தொட்டால் பாதுகாப்பு வால்வு திறந்து நீரை வெளியேற்றும். அந்த வால்வின் குழாய் முனை சொட்டிக்கொண்டே இருந்தால் அடைத்துவிடாதீர்கள், ஆளைக் கூப்பிடுங்கள். அழுத்தம் விடாமல் ஏறுவதற்குப் பெரும்பாலும் விரிவுத் தொட்டி கெட்டுப்போனதே காரணம்.

கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒவ்வொரு தளத்திலும் வேண்டும். பனிக்குவியல் ஹீட்டரின் புகைவாயை அடைத்து 2005-இல் ஒரு சிறுமி இறந்த பிறகு, மாசசூசெட்ஸ் இதைச் சட்டமாகவே ஆக்கியது. சுவர் வழியாகப் புகை வெளியேறும் பாய்லர் உங்களுடையது என்றால், பனி கொட்டும்போதெல்லாம் வெளியே போய் அந்த வாயைச் சுற்றிப் பனியை அள்ளிவிட வேண்டும்.

சிவப்புப் பொத்தானும் அதன் ஆபத்தும்

பர்னரின் மேல் உள்ள சாம்பல் நிறப் பெட்டியில் ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கும். எண்ணெய் தெளிக்கத் தொடங்கிய சில நொடிகளுக்குள், கருவியைப் பொறுத்து 15 முதல் 45 நொடிகளுக்குள், சுடர் தெரியவில்லை என்றால் பர்னர் தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும். சுடரைப் பார்ப்பது காட்மியம் சல்ஃபைடு பூசிய ஒரு சின்னக் கண். பொத்தானை அழுத்தினால் பூட்டு விலகி, பர்னர் மறுபடி முயலும்.

ஒரு தடவை அழுத்தலாம். எரிந்தால் சரி, எரியாவிட்டால் அதோடு விட்டுவிட வேண்டும். ஒவ்வொரு அழுத்தலுக்கும் எரியாத எண்ணெய் கொஞ்சம் எரியறைக்குள் தேங்குகிறது. குளிரில் நடுங்கிக்கொண்டே ஏழெட்டு முறை அழுத்திப் பார்க்கிறீர்கள். கடைசியில் ஒருமுறை பொறி பற்றுகிறது. தேங்கிய எண்ணெய் மொத்தமும் ஒரே நேரத்தில் எரிய, புகைக்குழாய் கழன்று, கதவு பிய்ந்து, வீட்டின் சுவர், துணிமணி, மெத்தை எல்லாவற்றிலும் எண்ணெய்க் கரி படிகிறது. ‘பஃப்பேக்’ என்று டெக்னீஷியன்கள் சொல்வது இதைத்தான். சுத்தம் செய்யும் செலவைப் பார்த்தால் புது பர்னர் மலிவு. ஏற்கெனவே பலமுறை அழுத்தியிருந்தால், வருகிற டெக்னீஷியனிடம் அதை மறைக்காதீர்கள். உள்ளே எண்ணெய் தேங்கியிருப்பது தெரியாமல் அவர் பற்றவைக்கக் கூடாது.

சர்வீஸ் எப்போது?

எல்லோரும் செப்டம்பர், அக்டோபரில் செய்கிறார்கள். என்னைக் கேட்டால் மே மாதம்தான் சரி. குளிர்காலம் முழுக்க எரிந்ததில் பாய்லரின் உள்வழிகளில் கரியும் கந்தகப் படிவும் அப்பியிருக்கும். கோடையில் பேஸ்மென்ட் காற்று ஈரமாகிக் குளிர்ந்த இரும்பின்மேல் வியர்க்கும்போது, அந்த ஈரமும் கந்தகமும் சேர்ந்து அமிலமாகி இரும்பை அரிக்கின்றன. ஆக, குளிர்காலத்து உழைப்பைவிடக் கோடைகாலத்து ஓய்வே பல பாய்லர்களைக் கெடுக்கிறது. மாசசூசெட்ஸில் 2018 ஜூலை முதல் விற்கும் எண்ணெயில் கந்தக வரம்பு பத்து லட்சத்துக்கு 15 பங்கு. முன்பு அது ஆயிரக்கணக்கில் இருந்தது. அதனால் படிவு இப்போது வெகுவாகக் குறைந்திருக்கிறது. பழைய படிவும் ஈரப் பேஸ்மென்டும் அப்படியேதான் இருக்கின்றன. மே மாதத்தில் ஆள் கிடைப்பதும் எளிது.

சர்வீஸ் என்றால் நாசில் மாற்றுவது, எண்ணெய் ஃபில்டர் மாற்றுவது, மின்முனைகளைச் சரிபார்ப்பது, புகைவழிகளைப் பிரஷ் போட்டு வாக்குவம் செய்வது, கடைசியாகப் புகையை அளந்து பார்ப்பது. இந்தக் கடைசி வேலையைத்தான் அவசரக்காரர்கள் விட்டுவிடுவார்கள். புகைச் சோதனை, கார்பன் டை ஆக்சைடு, இழுவை, செயல்திறன் ஆகியவற்றின் அளவீடுகளை எழுதிக் கேட்டு, பாய்லர் பக்கத்திலேயே தொங்கவிடுங்கள். ஃபில்டரை மட்டும் மாற்றிவிட்டுக் கிளம்புகிறவரை மறுவருடம் கூப்பிடாதீர்கள்.

இடைப்பட்ட மாதங்களில் கண்ணும் மூக்கும் காதும் போதும். டாங்க்கின் அடியிலும் குழாய் ஓரத்திலும் ஈரம், எண்ணெய் வாடை, புகைக்குழாயைச் சுற்றிக் கரி, பற்றும்போது ‘தும்’ என்ற அதிர்வு: எது தென்பட்டாலும் காத்திருக்க வேண்டாம். நீராவிப் பாய்லராக இருந்தால் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மட்டத்தை அடிக்கடி பாருங்கள். மிதவை வகைத் தண்ணீர்க் காவல் கருவி இருந்தால் வாரம் ஒருமுறை அதன் அழுக்கு நீரைத் திறந்துவிட வேண்டும். நீர் கொதிக்கக் கொதிக்க வரும், கவனம். கண்ணாடியில் தண்ணீரே தெரியாமல் பாய்லர் சுட்டுக்கொண்டிருந்தால் ஸ்விட்சை அணைத்து முழுதாக ஆறவிடுங்கள். சூடான வெற்று வார்ப்பிரும்பில் பச்சைத் தண்ணீர் விட்டால் வெடித்துப் பிளக்கும்.

நிறுத்தும் வரிசை

புகையோ நெருப்போ என்றால் யோசனைக்கு இடமில்லை. போகும் வழியில் கைக்கு எட்டினால் சிவப்பு ஸ்விட்ச், உடனே எல்லோரும் வெளியே, வெளியிலிருந்து 911. கார்பன் மோனாக்சைடு அலாரம் அலறினால் ஸ்விட்சைக்கூடத் தேட வேண்டாம். பேஸ்மென்டில் வெள்ளம் புகுந்திருந்தால் தண்ணீரில் காலை வைக்காதீர்கள். மேலே இருக்கும் ஸ்விட்சை மட்டும் அணையுங்கள்.

நிதானமாக நிறுத்தும்போது, முதலில் ஒன்றை உறுதி செய்யுங்கள்: குளிக்கும் வெந்நீரும் இதே பாய்லரிலிருந்துதான் வருகிறதா? ஆம் என்றால் கோடையிலும் நிறுத்த முடியாது. இல்லை என்றால் தெர்மோஸ்டாட்டுகளை எல்லாம் அடிமட்டத்துக்கு இறக்குங்கள். பர்னர் தானாக நிற்கட்டும். நடுவில் வெட்டி நிறுத்துவதைவிட அது நல்லது. பிறகு சிவப்பு ஸ்விட்ச், அடுத்து மின்பெட்டியில் பாய்லருக்கான பிரேக்கர். அதற்குப் பிறகுதான் எண்ணெய் வால்வு. எண்ணெயை முதலில் மூடினால் பர்னர் பம்ப் வெறுமையை இழுத்துக் குழாயில் காற்றுப் புகுந்துவிடும். பாய்லர் ஆறியதும் தண்ணீர் வரும் வால்வையும் மூடலாம். உள்ளே இருக்கும் தண்ணீரை மட்டும் வடிக்காதீர்கள். பழைய தண்ணீரில் ஆக்சிஜன் தீர்ந்துபோயிருக்கும். புதுத் தண்ணீர் ஒவ்வொரு முறையும் புதுத் துருவைக் கொண்டுவரும். ‘நிறுத்தியிருக்கிறது, தொடாதே’ என்று ஸ்விட்சில் ஒரு சீட்டு ஒட்டுங்கள். ஈரம் உறிஞ்சும் கருவி ஒன்றைக் கோடை முழுக்க ஓடவிடுங்கள்.

குளிர்காலத்தில் வீட்டைப் பூட்டிவிட்டுச் சென்னைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போகிறவர்கள் பாய்லரை நிறுத்திவிட்டுப் போகக் கூடாது. குழாய் உறைந்து வெடித்தால் திரும்பி வரும்போது வீடே நீரில் நிற்கும். தெர்மோஸ்டாட்டை 55 டிகிரியில் வைத்து, டாங்க்கை நிரப்பி, சமையலறை, குளியலறைக் குழாய்களுக்கு வரும் பிரதான வால்வை மூடிவிட்டுப் போங்கள். பாய்லர் தண்ணீருக்கு அதன் வழியாகத்தான் வரத்து என்றால், மூடுமுன் டெக்னீஷியனைக் கேளுங்கள். அக்கம்பக்கத்தில் ஒருவரிடம் சாவி இருக்கட்டும்.

மறுபடி தொடங்க, வரிசை தலைகீழ்: தண்ணீர், அழுத்தம் சரியா என்று ஒரு பார்வை, எண்ணெய் வால்வு, பிரேக்கர், ஸ்விட்ச், தெர்மோஸ்டாட். முதல் சுற்று முழுக்க எரிந்து அணையும்வரை பக்கத்திலேயே நில்லுங்கள்.

எண்ணெய் தீர்ந்து நின்றுபோனால்? பெட்ரோல் பங்க்கில் கிடைக்கும் டீசல் ஐந்து கேலன் ஊற்றினால் ஓரிரவு ஓட்டலாம். பெட்ரோல் ஒரு சொட்டும் கூடாது. குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றினால்தான் பர்னர் பற்றும், அதற்குப் பெரும்பாலும் டெக்னீஷியன் வேண்டியிருக்கும். டாங்க் கால்வாசிக்கு இறங்கும்போதே ஆர்டர் கொடுப்பது உத்தமம்.

ஹீட் பம்ப்புக்கு மாறி பாய்லரை நிரந்தரமாக எடுக்கிறவர்களுக்கு ஒன்று. டாங்க்கை அகற்ற ஊர் தீயணைப்பு நிலையத்தில் அனுமதி வாங்குங்கள், ரசீதை வீடு விற்கும் நாள்வரை வையுங்கள், எண்ணெய்க் கம்பெனியின் தானியங்கி சப்ளையை எழுத்தில் ரத்து செய்யுங்கள். வெளிச்சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் நிரப்பு குழாயை அதே நாளில் பிடுங்கிவிட வேண்டும். குழாய் இருந்து டாங்க் இல்லாத வீடுகளில், முகவரி மாறி வந்த லாரிக்காரர் நூற்றுக்கணக்கான கேலன் எண்ணெயை நேராக பேஸ்மென்ட் தரையில் இறக்கிவிட்டுப் போனதெல்லாம் உண்டு.