மாயமும் வாய்மையும்

வெறுங்கையில் நாணயம் தோன்றுகின்றது. மூடிய கூடைக்குள் இருந்த சிறுவன் மறைகின்றான். விதையிட்ட சிறு பொழுதில் மாங்கன்று தளிர்க்கின்றது. காண்போர் வியந்து கைகொட்டுகின்றனர். 'இஃது எவ்வாறு நிகழ்ந்தது?' என்று தமக்குள் வினவிக்கொண்டே வீடு திரும்புகின்றனர். ஆனால், அவ்வித்தையைக் காட்டியவருடைய வாழ்க்கை எத்தகையது என எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே. மேடையில் அரை நாழிகை தோன்றி மறையும் வியப்பின் பின்னே பல்லாண்டுப் பயிற்சி உண்டு. ஊர்தோறும் அலையும் உழைப்பு உண்டு. வீட்டை நினைந்து வருந்தும் ஏக்கமும் உண்டு. இவற்றோடு, 'பொய்த் தோற்றம் காட்டிப் பொருள் ஈட்டும் ஒருவர் வாய்மையோடு வாழ்தல் கூடுமோ?' என்னும் வினாவும் எழுகின்றது. அவ்வினாவிற்குத் தம் வாழ்க்கையையே விடையாகத் தந்தவர் ஹாரி ஹூடினி என்பவர்.

ஹூடினியின் இயற்பெயர் எரிக் வைஸ் என்பது. அவர் 1874ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 24ஆம் நாள், அங்கேரி நாட்டுப் புடாபெஸ்டு நகரில் பிறந்தார். அவருடைய தந்தையார் யூத சமய குருவாக விளங்கியவர். 1878ஆம் ஆண்டில் அக்குடும்பம் அமெரிக்காவிற் குடியேறியது. சில ஆண்டுகளுக்குப் பின் தந்தையார் தம் பதவியை இழந்தார். வறுமை வீட்டிற் புகுந்தது. சிறுவர் எரிக் செய்தித்தாள் விற்றார். பிறர் காலணிகளைத் துடைத்து மெருகிட்டார். நியூயார்க்கு நகரிற் கழுத்துப்பட்டிக்குத் துணி வெட்டும் தொழிற்கூடம் ஒன்றிற் கூலி வேலை செய்தார். 1892ஆம் ஆண்டில் தந்தையார் காலமானார். 'உன் தாயைக் கைவிடாதே' என்று அவர் மகனிடம் உறுதிமொழி பெற்றிருந்தார். அவ்வுறுதிமொழியை எரிக் தம் வாழ்நாள் முழுவதும் மறந்தாரில்லை.

பிரான்சு நாட்டில் இராபர்ட் ஹூடின் என்னும் பெயர் பெற்ற மாயவித்தை வல்லுநர் ஒருவர் இருந்தார். அவர் எழுதிய தன்வரலாற்று நூல் எரிக்கின் கைக்குக் கிட்டியது. அந்நூல் அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. அவ்வல்லுநர் பெயரையே சற்று மாற்றி 'ஹூடினி' எனத் தமக்குச் சூட்டிக்கொண்டு, 1891ஆம் ஆண்டளவில் வித்தை காட்டும் தொழிலை மேற்கொண்டார். 1894ஆம் ஆண்டில் பெஸ் என்னும் நங்கையை மணந்தார். அவ்வம்மையார் இல்லறத்தில் மட்டுமன்றி மேடையிலும் அவருக்குத் துணையாயினார்.

அக்காலத்தில் அவ்விருவரும் காட்டிய வித்தைகளுள் சிறந்தது பெட்டி வித்தையாகும். ஹூடினியின் கைகளைக் கட்டி, அவரை ஒரு சாக்கினுள் இட்டு வாய் கட்டி, அச்சாக்கைப் பெட்டியில் வைத்துப் பூட்டுவர். பெஸ் அம்மையார் பெட்டியருகே நின்று, மும்முறை கைதட்டித் திரையை இழுப்பார். மூன்றாம் கைதட்டல் ஓய்ந்ததும் திரை விலகும். வெளியே நிற்பவர் ஹூடினி! பெட்டியைத் திறந்தால், கட்டுண்ட நிலையில் உள்ளே இருப்பவர் பெஸ்! இவ்விட மாற்றம் மூன்று நொடியளவில் நிகழ்ந்தது. கண்டோர் இதனை மந்திரம் என்றனர். ஆனால், கணவனும் மனைவியும் நாள்தோறும் இடைவிடாது பழகிய பழக்கமே அதன் மந்திரமாகும்.

வியப்பு மிகுதியாயினும் வருவாய் மிகக் குறைவே. அக்காலத்து அமெரிக்க நகரங்களிற் சிறுகாசு பெற்றுப் பலவகைக் காட்சிகளைக் காட்டும் கூடங்கள் இருந்தன. அவற்றுள் அவ்விருவரும் ஒரே நாளிற் பத்து முறைக்கு மேலும் மேடையேற வேண்டியிருந்தது. 1895ஆம் ஆண்டில் ஒரு சர்க்கசுக் குழுவிற் சேர்ந்து ஊர் ஊராகச் சென்றனர். இன்று ஓரூர், நாளை வேறூர். இரயிலிலே உறக்கம், பெட்டியே உடைமை என்றாயிற்று அவர்தம் வாழ்க்கை.

இவ்வறுமையின் அழுத்தத்தால் அவர் ஒரு பிழையும் செய்தார். இறந்தவருடைய ஆவிகளோடு பேசுவதாகக் கூறிப் பொருள் பெறுவோர் அக்காலத்திற் பலர் இருந்தனர். 1898ஆம் ஆண்டையொட்டி ஹூடினியும் அத்தொழிலிற் சில காலம் இறங்கினார். அவ்வூரில் இறந்தாரைப் பற்றிய செய்திகளை முன்னரே மறைவில் அறிந்துகொண்டு, அவற்றை ஆவியின் வாய்மொழிபோல் மேடையிற் கூறினார். மகனை இழந்த தாயும் கணவனை இழந்த மனைவியும் அவற்றை மெய்யென நம்பிக் கண்ணீர் வடித்தனர். பெட்டி வித்தையைக் கண்டோர் வியப்போடு மீண்டனர். இவரோ தம் துயரத்தையே விலையாகக் கொடுத்து மீண்டனர். இவ்வேறுபாட்டின் முழுப் பொருளும் அவருக்குப் பின்னரே விளங்கியது.

1899ஆம் ஆண்டில் அவருக்கு நற்காலம் பிறந்தது. அரங்கு பலவற்றிற்கு நிகழ்ச்சி அமைப்பவராகிய மார்ட்டின் பெக் என்பார் அவர் திறமையைக் கண்டு, 'சிறு வித்தைகளை விட்டுவிடுக. விலங்குகளிலிருந்து விடுபடும் வித்தையையே சிறப்பாகக் காட்டுக' என்று அறிவுறுத்தினார். ஹூடினி அதனை ஏற்றார். 1900ஆம் ஆண்டில் இலண்டன் மாநகர் சென்று புகழ் பெற்றார். அதன்பின் ஐரோப்பிய நாடுகள் பலவற்றிற் சுற்றினார். செல்லும் ஊர்தோறும் காவல் நிலையங்களுக்குச் சென்று, 'உங்கள் கைவிலங்குகளை எனக்குப் பூட்டுங்கள்' என்று அறைகூவினார். பூட்டிய விலங்குகளிலிருந்து விடுபட்டும் காட்டினார்.

1904ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 17ஆம் நாள் இலண்டனில் நடந்த நிகழ்ச்சி குறிப்பிடத்தக்கது. செய்தித்தாள் ஒன்றின் சார்பில், பர்மிங்காம் நகரத்துக் கம்மியர் ஒருவர் ஐந்தாண்டு முயன்று செய்தது எனக் கூறப்பட்ட கைவிலங்கு ஒன்று கொணரப்பட்டது. ஆயிரக்கணக்கான மக்கள் கூடினர். ஹூடினி விலங்கு பூண்டு, சிறு திரைக்குள் அமர்ந்தார். நேரம் சென்றது. இடையில் வெளியே வந்து, சட்டையின் மேலங்கியைக் கழற்றுதற்கு விலங்கைச் சற்றே நீக்குமாறு வேண்டினார். விலங்கு திறக்கும் வகையை அவர் கண்டுகொள்வார் என்று அதற்கு மறுத்துவிட்டனர். உடனே அவர் பையிலிருந்து ஒரு சிறு கத்தியை எடுத்துப் பல்லால் விரித்து, அவ்வங்கியைத் துண்டு துண்டாகக் கிழித்தெறிந்தார். மக்கள் ஆரவாரித்தனர். ஒரு மணி பத்து நிமிட அளவில் அவர் விலங்கின்றி வெளியே வந்தபோது கூட்டம் அவரைத் தோள்மேல் தூக்கிக் கொண்டாடியது. அவரோ கண்ணீர் விட்டழுதார்.

அவர் வெற்றிக்குரிய காரணங்கள் வெளிப்படையானவை. அவர் பூட்டுகளின் அமைப்பை நூல் கற்பதுபோற் கற்றார். உடலை வலிவாகவும் வளைந்து கொடுப்பதாகவும் பேணினார். 1908ஆம் ஆண்டில், நீர் நிரம்பிய பெரும் பாற்குடத்தினுள் அடைபட்டு மீளும் வித்தையையும், 1912ஆம் ஆண்டில், கண்ணாடி முகப்புடைய நீர்த்தொட்டியினுள் தலைகீழாகத் தொங்கி மீளும் வித்தையையும் மேடையேற்றினார். இவற்றிற்காக வீட்டிற் பெரியதொரு குளியல் தொட்டி அமைத்து, பனிக்கட்டி மிதக்கும் நீரில் மூழ்கி மூச்சடக்கப் பழகினார். 'என் செயல்களில் தெய்விக ஆற்றல் ஒன்றுமில்லை' என்று அவரே மக்களுக்கு எடுத்துரைத்தார்.

1904ஆம் ஆண்டில் நியூயார்க்கில் அவர் ஒரு வீட்டை விலைக்கு வாங்கினார். அதில் அன்னையாரை அமர்த்தினார். ஒருமுறை தமக்குரிய ஊதியத்தைப் பொற்காசுகளாகவே கேட்டுப் பெற்று, அவற்றை அன்னையின் மடியிற் சொரிந்து மகிழ்ந்தார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். மாயவித்தை பற்றிய நூல்களை நாடுதோறும் தேடி அவ்வீட்டிற் குவித்தார். மறைந்த வித்தைகாரர்களுடைய கல்லறைகளைத் தேடிச் சென்று, பாழடைந்தவற்றைச் செப்பனிடவும் செய்தார். எனினும், அவ்வீட்டில் அவர் தங்கிய நாள்களைவிடப் பிரிந்திருந்த நாள்களே மிகுதி. ஊர் ஊராகச் சென்று வியப்பை வழங்குவோர், தம் வீட்டு நலங்களை இழத்தல் அத்தொழிலின் விலையாகும்.

அவ்விலையை அவர் 1913ஆம் ஆண்டிற் கொடுத்தார். அவ்வாண்டு சூலைத் திங்களில் ஐரோப்பாவிற்குக் கப்பலேறியபோது, அன்னையார் துறைமுகத்தில் நின்று வழியனுப்பினார். 'வரும்போது கம்பளிக் காலணி ஒன்று வாங்கி வா' என்று அவர் கேட்டார் என்பர். டென்மார்க்கு நாட்டுக் கோபன்ஹேகன் நகரில் ஹூடினி இருந்தபொழுது, சூலைத் திங்கள் 17ஆம் நாள் அன்னையார் காலமானார். செய்தி கேட்டதும் அவர் மயங்கி விழுந்தார். யூதர் வழக்கப்படி உடலை விரைந்து அடக்கம் செய்தல் வேண்டும். ஆயினும் மகன் முகங்காணும் வரை அடக்கத்தை நிறுத்துமாறு வேண்டினார். எந்தப் பூட்டையும் திறந்த அவர் கைகள், கடல் கடந்து வந்து அன்னையின் அடக்கத்தையே காண நேர்ந்தது. நெடுநாள் அத்துயரம் அவரை விட்டு நீங்கவில்லை.

துயருற்ற உள்ளம் எளிதில் நம்பும். அன்னையின் ஒரு சொல்லையாவது கேட்டல் கூடுமோ என்னும் ஆசை அவருக்கும் எழுந்தது. துப்பறியும் கதைகளாற் புகழ்பெற்ற ஆர்தர் கோனன் டாயில் அவருடைய நண்பர். ஆவிகள் பேசும் என்பதை உறுதியாக நம்பியவர். 1922ஆம் ஆண்டு சூன் திங்களில், அட்லாண்டிக் நகரில் டாயிலின் துணைவியார், ஹூடினியின் அன்னையாருடைய ஆவி தம்மை இயக்குவதாகக் கூறிப் பதினைந்து பக்கம் எழுதித் தந்தார். ஹூடினி ஆவலோடு வாங்கிப் படித்தார். எழுத்து முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. தொடக்கத்திற் சிலுவைக் குறியும் இருந்தது. அவர் அன்னையாரோ ஆங்கிலம் பேசத் தெரியாதவர். யூத குருவின் மனைவியார். அப்பக்கங்களில் தம் தாய் இல்லை என்பதை மகன் உணர்ந்தார். டாயில் தம்பதியர் நல்லெண்ணத்தோடு செய்தனர் என்பதை அவர் மறுக்கவில்லை. எனினும், உண்மையல்லாததை உண்மை என்று ஒப்புக்கொள்ள அவரால் இயலவில்லை. இதனால் அந்நட்பு முறிந்தது.

தாம் இளமையில் ஏமாற்றிய மக்களின் முகங்கள் அப்பொழுது அவர் நினைவில் எழுந்தன போலும். துயருற்றோர் உள்ளத்தோடு விளையாடியது எவ்வளவு பெருங் குற்றம் என்பதைத் தம் துயரத்தாலேயே அறிந்ததாக அவர் வெளிப்படையாக எழுதினார். 1924ஆம் ஆண்டில் ஆவியுலக ஏமாற்றுகளை வெளிப்படுத்தி ஒரு நூல் வெளியிட்டார். செல்லும் ஊர்களிலெல்லாம் அவ்வேமாற்றுகளை மேடையிற் செய்து காட்டி, அவற்றின் மறைவை விளக்கினார். 1926ஆம் ஆண்டில், பொருள் பெற்றுக் குறி கூறுவதைத் தலைநகரில் தடுக்கும் சட்டம் வேண்டி அமெரிக்கப் பேராயக் குழுவின்முன் சான்று கூறினார். அச்சட்டம் நிறைவேறவில்லை. எனினும் அவர் முயற்சி தளரவில்லை. மந்திர ஆற்றலால் நீரின்கீழ் அடைபட்டிருப்பதாகக் கூறிய ஒருவருக்கு எதிராக, அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்களில் மூடிய பெட்டியினுள் நீரின்கீழ் ஒரு மணி முப்பத்தொரு நிமிடம் இருந்து காட்டினார். அச்சமின்றி, அசைவின்றி, மெல்ல மூச்சு விடுதலே அதன் மறைவு என்றும், சுரங்கத்தில் அகப்படும் தொழிலாளர்க்கு இவ்வறிவு உதவும் என்றும் விளக்கினார்.

அதே ஆண்டு அக்டோபர்த் திங்களில் அவருக்கு இறுதி வந்தது. 22ஆம் நாள் மாண்ட்ரீல் நகரில், அவருடைய வயிற்று வலிமையைச் சோதிக்க விரும்பிய மாணவர் ஒருவர், அவர் ஆயத்தமாகுமுன்னரே அடுத்தடுத்துக் குத்தினார். வலி மிகுந்தது. ஆயினும் அவர் தம் பயணத்தை நிறுத்தாமல் டெட்ராய்ட்டு நகர் சென்று, 24ஆம் நாள் கடுங் காய்ச்சலோடு மேடையேறினார். குடல்வால் வெடித்து நஞ்சு பரவியிருந்தமையின், அறுவை மருத்துவமும் பயன்படவில்லை. 31ஆம் நாள், தம் 52ஆம் வயதில் அவர் மறைந்தார். அன்னையார் எழுதிய கடிதங்களைத் தலைக்கு அணையாக வைத்து அவர் உடலை அடக்கம் செய்தனர். அவர் சேர்த்த ஏறத்தாழ நாலாயிரம் நூல்கள் அமெரிக்கப் பேராய நூலகத்தைச் சேர்ந்தன.

மறைவதற்கு முன், தம் மனைவியாரிடம் மறைமொழி ஒன்றை அவர் கூறியிருந்தார். ஆவி பேசுவது மெய்யாயின் அம்மொழியைத் தாம் வந்து கூறுவதாகச் சொல்லியிருந்தார். 1929ஆம் ஆண்டில் ஒருவர் அம்மொழியைக் கூறியதாகப் பெரும் பரபரப்பு எழுந்தது. ஆயினும் அதனை ஆவியின் சொல்லாகக் கொள்ளுதற்கில்லை எனப் பெஸ் அம்மையார் பின்னர் மறுத்தார். கணவர் படத்தின் அருகே விளக்கேற்றிக் காத்திருந்த அவர், 1936ஆம் ஆண்டில், 'பத்தாண்டு காத்திருந்தது போதும்' என்று அவ்விளக்கை அணைத்தார். தம் அன்னையின் பொருட்டு ஹூடினி எவ்வுண்மையை ஏற்றாரோ, அவ்வுண்மையையே அவருடைய மனைவியாரும் அவர்பொருட்டு ஏற்றார்.

மேடைக்கு வருவோர், 'இது வித்தை' என்று அறிந்தே வருகின்றனர், அறிந்தே வியக்கின்றனர். அங்கே காட்டப்படும் மாயம் எவரையும் வஞ்சிப்பதன்று. அதனையே மெய்யென்று கூறிப் பிறர் துயரத்தை விலையாக்குவதே வஞ்சனை. இளமையில் அவ்வஞ்சனைக்கு ஆளாகியும், தம் பிழையை மறையாது ஒப்பி, எஞ்சிய வாழ்நாளை அதனைக் களைவதிற் செலவிட்டார் ஹூடினி. வலிய விலங்குகள் பலவற்றிலிருந்து விடுபட்ட அவர் வாழ்க்கையில், இப்பிழையிலிருந்து விடுபட்டதே தலையாய விடுதலை எனலாம்.