கரீபியனில் முக்குளிக்க எந்தத் தீவு?

விளம்பரப் படங்களில் கரீபியன் தீவுகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்ததுபோல இருக்கும். வெள்ளை மணல், சாய்ந்த தென்னை, நீலப் பச்சைக் கடல். தண்ணீருக்குள் இறங்கினால்தான் வித்தியாசம் தெரியும். ஒரு தீவில் கரையிலிருந்து சில நிமிடம் நீந்தினாலே பவளப்பாறை வந்துவிடும். இன்னொன்றில் அதற்கு இரண்டு மணி நேரம் படகில் போக வேண்டும். ஒன்றில் கடல் குளம்போல் கிடக்கும். இன்னொன்றில் நீரோட்டம் ஆளைத் தூக்கிக்கொண்டு போகும். வேறொன்றில் சொல்லிக்கொள்ளும்படி மணற்கரையே கிடையாது.

அதனால் தீவைப் பார்த்துத் தொடங்காதீர்கள். தேனிலவுக்குப் போகும் இருவரைப் பார்த்துத் தொடங்குங்கள். அதிலும் இருவரில் கடல் பழக்கம் குறைந்தவர் யாரோ, அவருக்குப் பொருந்தும் தீவே உங்கள் தீவு. நன்றாக டைவ் செய்பவருக்கு எந்தத் தீவிலும் ஏதாவது ஒன்று கிடைத்துவிடும். பழக்கமில்லாதவர் முதல் நாளே மிரண்டு கரையேறிவிட்டால், மிச்ச நாட்கள் இருவருக்குமே போய்விடும்.

முதலில் மாதம்

கரீபியனில் புயல் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. உச்சம் செப்டம்பர் நடுவில். ஆவணி முகூர்த்தத்தில் கல்யாணம் முடித்து, கையோடு விமானம் ஏறும் ஜோடி நேராக அந்த உச்சத்தில்தான் போய் இறங்கும். தை, மாசி முகூர்த்தக்காரர்களுக்கு அந்தக் கவலை இல்லை. அப்போது அங்கே மழை குறைந்த காலம். ஆனால் ஐரோப்பாவும் அமெரிக்காவும் குளிருக்குத் தப்பி அங்கே வந்து குவிவதும் அப்போதுதான். அறை வாடகை ஏறியிருக்கும், முன்பதிவு சீக்கிரமே தீர்ந்துவிடும். சித்திரையிலும் வைகாசியின் முற்பாதியிலும் கூட்டம் வடிந்து, புயலும் தொடங்காமல் இருக்கும். தேதியை மாற்ற முடிந்தால் நான் சொல்வது அந்த நாட்களைத்தான்.

புயல் காலத்தில்தான் போக முடியும் என்றால் தெற்கே போங்கள். வெனிசுவேலாக் கரையை ஒட்டியிருக்கும் அரூபா, பொனேர், குராசாவ் மூன்றும் புயல்களின் வழக்கமான பாதைக்கு வெளியே உள்ளவை. தெற்கே இருந்தாலே போதும் என்றும் எண்ணிவிடக் கூடாது. 2024 ஜூலை 1 அன்று பெரில் புயல் கிரெனடா நாட்டின் காரியக்கூ தீவைச் சூறையாடியது. அந்தக் காலத்தில் போகிறவர்கள், பயணம் ரத்தானால் பணம் திரும்பக் கிடைக்கும் காப்பீடு இல்லாமல் பதிவு செய்யக் கூடாது.

இன்னொரு தொல்லை சர்காசம் என்னும் மிதக்கும் கடற்பாசி. 2011 முதல் இது பெருந்திரளாக வந்து ஒதுங்குகிறது. வசந்தத்திலும் கோடையிலும் அதிகம். குவிந்து அழுகினால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். பெரும்பாலும் பாதிக்கப்படுவது காற்றை எதிர்கொள்ளும் கிழக்குக் கரைதான். கரீபியனில் காற்று ஏறக்குறைய ஆண்டு முழுவதும் கிழக்கிலிருந்து வீசுவதால், மேற்குக் கரை காற்று மறைவில் அமைதியாக இருக்கும். டைவ் இடங்களும் பெரும்பாலும் அங்கேயே இருக்கின்றன. விடுதி பார்க்கும்போது வரைபடத்தைத் திறந்து, அது தீவின் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். படத்தில் தெரியும் நீச்சல் குளத்தைவிட அந்த ஒரு தகவல் முக்கியம்.

கையில் என்ன சான்றிதழ்?

ஓப்பன் வாட்டர் சான்றிதழ் இருந்தால் 18 மீட்டர் வரை போகலாம். அட்வான்ஸ்டு இருந்தால் 30 மீட்டர். பொழுதுபோக்கு டைவிங்கின் கடைசி எல்லை 40 மீட்டர். அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். சான்றிதழே இல்லாதவர், பயிற்றுநர் கூடவே வர, 12 மீட்டர் வரை ஓர் அறிமுக டைவ் செய்து பார்க்கலாம்.

இந்த எண்களே பல தீவுகளைக் கழித்துவிடும். பெலீஸின் கிரேட் ப்ளூ ஹோல் எத்தனையோ பேரின் கனவு. சுமார் 300 மீட்டர் அகலம், 125 மீட்டர் ஆழம் கொண்ட அந்த வட்டக் குழியை 1971இல் கடலாய்வாளர் ழாக் கூஸ்தோ தன் கப்பலோடு போய் ஆராய்ந்தார். அங்கே பார்க்க வேண்டியவை பாறையிலிருந்து தொங்கும் சுண்ணாம்பு விழுதுகள். அவை இருப்பதோ 40 மீட்டரை ஒட்டிய ஆழத்தில். புதியவருக்கு அது இடமே அல்ல. பழகியவருக்கும் அந்த ஆழத்தில் சில நிமிடங்கள்தான் கிடைக்கும். வானிலிருந்து எடுத்த படத்தின் அழகு உள்ளே இறங்குபவருக்குத் தெரியாது. அதே பெலீஸில் தடுப்புப் பவளத்திட்டை ஒட்டிய ஆழம் குறைந்த இடங்கள் எத்தனையோ இருக்கின்றன. என்னைக் கேட்டால் அவையே மேல்.

இருவருமே புதிது என்றால், பாடத்தையும் நீச்சல் குளப் பயிற்சியையும் ஊரிலேயே முடித்துக்கொள்ளுங்கள். புதுச்சேரியிலும் அந்தமானிலும் கற்றுத்தருகிறார்கள். மீதமுள்ள நான்கு கடல் டைவ்களை மட்டும் தீவில் செய்யும்படி ரெஃபரல் கடிதம் வாங்கிக்கொள்ளலாம். தேனிலவின் முதல் மூன்று நாட்களை வகுப்பறையில் கழிக்க வேண்டியிராது.

மருத்துவப் படிவத்தையும் இங்கேயே பார்த்துவிடுங்கள். ஆஸ்துமா, காது அறுவை சிகிச்சை, இதயக் கோளாறு போன்ற ஏதாவது ஒரு கேள்விக்கு ‘ஆம்’ என்றால் டாக்டர் கையெழுத்து கேட்பார்கள். அது இல்லாமல் தீவில் போய் நின்றால் தண்ணீரில் இறக்க மாட்டார்கள். கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால்கூட டைவ் வேண்டாம்; ஸ்நார்க்கெலிங் போதும்.

டைவ் செய்யாதவருக்கு என்ன இருக்கிறது?

பெரும்பாலான ஜோடிகள் கேட்க மறக்கும் கேள்வி இது. ஒருவர் காலை எட்டு மணிக்குப் படகேறிப் போய் மதியம் திரும்பி வருவார். அதுவரை மற்றவர் என்ன செய்வார்? இதற்குப் பதில் இல்லாத தீவுக்குத் தேனிலவு போகாதீர்கள்.

நல்ல பதில் தரும் தீவுகளில் ஒன்று கிராண்ட் கேமன். அங்கே வடக்கு உப்பங்கழியில் மீனவர்கள் மீன் கழுவிக் கழிவைப் போட்டுவந்ததால் திருக்கைகள் கூடத் தொடங்கின. இன்று அந்த மணல்திட்டில் இடுப்பளவு தண்ணீரில் நின்றாலே திருக்கைகள் காலை உரசிக்கொண்டு போகும். நீச்சல் தெரியாதவரும் பார்க்கலாம். டைவ் செய்பவருக்கு அதே தீவில் கிட்டிவேக் இருக்கிறது. அமெரிக்கக் கடற்படையின் பழைய நீர்மூழ்கி மீட்புக் கப்பல், 2011 ஜனவரியில் வேண்டுமென்றே மூழ்கடிக்கப்பட்டது. அருகிலுள்ள லிட்டில் கேமனில் பிளடி பே சுவர். சுமார் 6 மீட்டரில் தொடங்கி நூற்றுக்கணக்கான மீட்டர் செங்குத்தாக இறங்குகிறது. புதியவர் மேல் விளிம்பில் மிதந்தபடியே அந்த நீலப் பாதாளத்தை எட்டிப் பார்க்கலாம்.

கிரெனடாவும் அப்படித்தான். மோலினியர் விரிகுடாவில் 2006இல் ஜேசன் டிகேர்ஸ் டெய்லர் அமைத்த கடலடிச் சிற்பப் பூங்கா ஆழம் குறைந்தது. கைகோத்து வட்டமாக நிற்கும் சிறுவர் சிற்பங்களை ஒருவர் மேலே மிதந்தும் மற்றவர் கீழே இறங்கியும் ஒரே நேரத்தில் பார்க்கலாம். டொமினிக்காவில் எரிமலை வாயு பாறை இடுக்குகளிலிருந்து குமிழ் குமிழாக மேலே வரும் ஷாம்பெய்ன் ரீஃப், கரையிலிருந்து நீந்திப் போகும் தூரம்தான். மலை, அருவி, காடு என்று நிலத்திலும் குறைவில்லை. வெண்மணல் கேட்பவருக்கு மட்டும் அது ஒத்துவராது.

எதிர்ப்பக்கம் சாபா. சின்ன எரிமலைத் தீவு; அதன் விமான ஓடுதளம் சுமார் 400 மீட்டர், பயணிகள் விமானம் இறங்கும் ஓடுதளங்களில் உலகிலேயே மிகக் குட்டை. கடலுக்கடியிலிருந்து கோபுரம்போல் எழும் பாறைகளைப் பார்க்க அனுபவசாலிகள் தேடி வருகிறார்கள். இருவருமே தேர்ந்தவர்கள் என்றால் தாராளமாகப் போங்கள். ஒருவர் மட்டும்தான் என்றால் வேண்டாம்.

வழியும் விசாவும்

இந்தியாவிலிருந்து நேர் விமானம் கிடையாது. லண்டன், ஆம்ஸ்டர்டாம், பாரிஸ் அல்லது ஓர் அமெரிக்க நகரம் வழியாகத்தான் போக வேண்டும். தீவுக்குள் நுழைய விசா வேண்டாம் என்றாலும், வழியில் அமெரிக்காவில் விமானம் மாற விசா வேண்டும். எனவே தீவின் விதியையும் இடைநிலையத்தின் விதியையும் சேர்த்தே பாருங்கள். செல்லுபடியாகும் அமெரிக்க விசா கையில் இருந்தால் மெக்சிகோவுக்குத் தனி விசா தேவையில்லை. கோசுமெல் தீவு அதனால் எளிதாகிறது. பொனேர், குராசாவ் போன்ற நெதர்லாந்துத் தீவுகளுக்கு உரியது தனிக் கரீபியன் விசா. ஷெங்கன் விசா வேறு. குவாதலூப், மார்த்தினிக் பிரான்சின் பகுதிகளே என்றாலும் ஷெங்கன் எல்லைக்கு வெளியே இருப்பவை. விண்ணப்பிக்கும்போதே அந்தத் தீவின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும்.

குவாதலூப்பை நான் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. புதுச்சேரி, காரைக்கால் வழியாக 1854 முதல் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக அனுப்பப்பட்ட தமிழர்களின் சந்ததியினர் அங்கே வாழ்கிறார்கள். காபெஸ்தேர் ஊரை ஒட்டி சாலையோரத்திலேயே ஒரு கோயில் கோபுரம் எழுந்து நிற்கும். அந்தத் தீவின் மேற்குக் கரையில், மலாந்தூர் கடற்கரைக்கு எதிரே பிஜோன் திட்டுகள். கூஸ்தோ கொண்டாடிய அந்தக் கடல் இன்று அவர் பெயரால் பாதுகாக்கப்படுகிறது. சுமார் 12 மீட்டர் ஆழத்தில் அவருடைய மார்பளவுச் சிலையும் உண்டு. காலையில் டைவ், மாலையில் கோயில் என்று ஒரே நாளில் இரண்டையும் பார்த்துவிடலாம். பிரெஞ்சு கொஞ்சமாவது தெரிந்திருந்தால் நல்லது.

இனி தீவு

இவ்வளவும் கழித்த பிறகும் முடிவெடுக்க முடியவில்லை என்றால், என் தேர்வு பொனேர். காரணம் சுதந்திரம். மற்ற இடங்களில் படகின் நேரத்துக்கு நீங்கள் ஓட வேண்டும். இங்கே வாடகை பிக்கப் வண்டியின் பின்னால் சிலிண்டர்களைப் போட்டுக்கொண்டு கரையோரச் சாலையில் போகலாம். சாலையோரத்தில் மஞ்சள் வண்ணம் அடித்த கற்களில் டைவ் இடத்தின் பெயர் எழுதியிருக்கும். பிடித்த கல்லருகே நிறுத்தி, உடை மாட்டிக்கொண்டு, நடந்து கடலில் இறங்கிவிடலாம். அவசரப்படுத்த யாருமில்லை. பயந்தவர் முழங்கால் தண்ணீரில் பத்து நிமிடம் நின்று மூச்சுப் பழகலாம். மனம் ஒப்பவில்லை என்றால் திரும்பிவிடலாம். கடற்கரை கூரான பவளக் கற்கள் நிறைந்தது. கெட்டி அடி வைத்த பூட்ஸ் அவசியம்.

1979 முதல் தீவைச் சுற்றியுள்ள கடல் முழுவதும், கரையிலிருந்து 60 மீட்டர் ஆழம் வரை, பாதுகாக்கப்பட்ட பூங்கா. நங்கூரம் போடக் கூடாது, கையுறை அணியக் கூடாது, எதையும் எடுக்கக் கூடாது. பூங்காக் கட்டணம் செலுத்தி, முதல் நாள் ஒரு சோதனை டைவ் முடித்த பிறகுதான் மற்ற டைவ்கள். அந்தச் சோதனையை வேண்டாத சடங்காக நினைக்காதீர்கள். எடைக்கட்டி எவ்வளவு வேண்டும் என்று சரிபார்க்க அதைவிட நல்ல வாய்ப்பு இல்லை. 1984இல் கவிழ்ந்து மூழ்கிய ஹில்மா ஹூக்கர் என்ற 72 மீட்டர் சரக்குக் கப்பல் சுமார் 30 மீட்டர் ஆழத்தில் பக்கவாட்டில் கிடக்கிறது. அட்வான்ஸ்டு முடித்தவர் பார்க்கலாம். வண்டியை நிறுத்திவிட்டு இறங்கும்போது பணம், பாஸ்போர்ட், போன் எதையும் உள்ளே வைக்காதீர்கள், திருட்டு உண்டு.

பொனேரின் குறை மணற்கரை. நீளமான வெண்மணலும் இரவுக் கேளிக்கையும் வேண்டுவோர் கிராண்ட் கேமன் போகட்டும்; செலவு கூடும். நீரோட்டத்தில் மிதந்தபடி பவளச் சுவரைக் கடக்கும் டிரிஃப்ட் டைவ் வேண்டுமானால் கோசுமெல். பாலங்கார் பாறைகளில் துடுப்பு அடிக்கவே தேவையில்லை. ஆனால் மிதப்பைக் கட்டுப்படுத்தத் தெரியாதவரை அந்த நீரோட்டம் எங்கோ கொண்டுபோய்விடும். கையில் பணம் குறைவு, கற்றுக்கொள்ளும் ஆசை அதிகம் என்றால் ஹோண்டுராஸின் உட்டிலா.

அந்தமானிலோ மாலத்தீவிலோ டைவ் செய்தவர்களுக்கு ஒரு வார்த்தை. மீன் இனங்களின் எண்ணிக்கையில் கரீபியன் நம் பக்கத்துக் கடலுக்கு ஈடாகாது. 2014இல் ஃப்ளோரிடா அருகே முதலில் தென்பட்ட பவளநோய் பல தீவுகளுக்குப் பரவிவிட்டது. 2023இன் கடல் வெப்பமும் பவளங்களை வெளிறச் செய்தது. ஆனாலும் ஆளுயரப் பஞ்சுயிரிகள், காற்றில் ஆடும் விசிறிபோல் அசையும் கடல்விசிறிகள், ஆமைகள், கண்ணாடிபோன்ற தண்ணீர் எல்லாம் இன்னும் இருக்கின்றன. அவற்றைப் பார்க்கப் போங்கள்.

கிளம்பும் முன்

டைவ் விபத்துக்கென்று தனிக் காப்பீடு எடுங்கள். சாதாரணப் பயணக் காப்பீட்டில் அழுத்த அறைச் சிகிச்சை பெரும்பாலும் அடங்காது. மோதிரமும் ஜிமிக்கியும் விடுதிப் பெட்டகத்தில் இருக்கட்டும். மின்னும் நகை பாரகுடா மீனை ஈர்க்கும், தண்ணீரில் கழன்றும் போகும். தாலியைக் கழற்ற மனமில்லாதவர் உடைக்குள் இறுகப் பொதிந்துகொள்ளலாம். மாப்பிள்ளைக்கு அடர்ந்த மீசை என்றால் முகக்கவசத்தில் தண்ணீர் கசியும். மூக்கின் கீழே கொஞ்சம் கத்தரித்துக்கொண்டால் போதும். ஆக்ஸிபென்ஸோன் கலந்த சன்ஸ்கிரீன் பவளத்துக்குக் கேடு. முழுக்கைச் சட்டையே நல்ல பாதுகாப்பு.

திரும்பும் விமானத்தை வைத்துக் கடைசி டைவ் எப்போது என்று இப்போதே குறித்துவிடுங்கள். பல நாள் டைவ் செய்தவர் விமானம் ஏறும் முன் குறைந்தது 18 மணி நேரம் தண்ணீருக்கு வெளியே இருக்க வேண்டும். கடைசி நாளை முழுதாகக் கரைக்கு ஒதுக்குங்கள். அன்று இருவரும் சேர்ந்து தீவைச் சுற்றிப் பாருங்கள்.