இளையோரை இகழற்க

“இக்கால இளைஞரிடம் பண்பு குன்றிவிட்டது” என்னும் குறை நம் இல்லங்களிலும் மன்றங்களிலும் இடையறாது ஒலிக்கின்றது. இளமையைக் குறைத்து மதிப்பிடும் இவ்வழக்கம் புதியதன்று. சங்க காலத்திலேயே இருந்தது என்பதற்குப் புறநானூற்றின் 72ஆம் பாடல் சான்று பகர்கின்றது.

அதனைப் பாடியவன் பாண்டியன் நெடுஞ்செழியன். வயதில் இளையவன் என அவனை எள்ளிய பகைவேந்தர், தம் யானை, தேர், குதிரை, வீரர் ஆகியவற்றின் பெருக்கை எண்ணிச் செருக்குற்றனர். வெகுண்ட மன்னன் வஞ்சினம் மொழிகின்றான். பகைவரை வெல்லாவிடின் மூன்று இழிவுகள் தன்னைச் சேர்க என்கின்றான்: குடிமக்கள் கண்ணீருடன் தன்னைக் கொடியன் எனத் தூற்றுக, மாங்குடி மருதன் முதலிய புலவர் தன் நாட்டைப் பாடாது விடுக, இரப்போர்க்கு ஈய இயலாத வறுமை தன்னை அடைக.

அவன் தலையாலங்கானத்தில் வென்றான். எனினும் ஈண்டு நாம் கருதத்தக்கது அவ்வெற்றியன்று. அவ்விளைஞன் எவற்றை இழிவெனக் கொண்டான் என்பதே. ஒருவன் எதற்கு நாணுகின்றான் என்பதே அவன் பண்பின் அளவுகோல்.

இவ்வளவுகோலை இன்றைய தலைமுறைக்கும் பொருத்திப் பார்ப்போம். 2015 டிசம்பரில் சென்னையை வெள்ளம் சூழ்ந்தபொழுது இளைஞர் திரள் திரளாக வந்தனர். இடுப்பளவு நீரில் உணவு சுமந்தனர். முதியோரைத் தூக்கி வந்தனர். உதவி வேண்டுவோரையும் உதவ வல்லோரையும் கைப்பேசி வழியே இணைத்தனர். எவரும் அவர்களை ஏவவில்லை. அவர்களும் எவரிடத்தும் சாதி, சமயம் வினவவில்லை. 2017 ஜனவரியில் சல்லிக்கட்டுக்காக மெரினா கடற்கரையில் பெருந்திரளாகக் கூடிய மாணவர், நோயாளர் ஊர்திக்கு வழிவிட்டதையும், குப்பைகளைத் தாமே அகற்றியதையும் நாடு கண்டது. பிறர் துயர் கண்டு வாளாவிருக்க நாணுதல் இவர்களிடத்தும் உண்டு என்பதற்கு இவை சான்றுகளாம்.

கைப்பேசியில் பொழுதழிப்போரும் போதைக்கு இரையாவோரும் இல்லையோ எனின், உளர், மறுப்பதற்கில்லை. ஆயினும் பொழுதை விழுங்கும் அதே கைப்பேசிதான் வெள்ளத்தில் உயிர்காக்கும் கருவியாயிற்று. கருவி மாறவில்லை; பொறுப்பு வந்து சேர்ந்தது, அவ்வளவே.

ஆகவே பெரியோர்க்கு ஒரு விண்ணப்பம். விழாக்களில் நாற்காலி அடுக்கும் பணியை மட்டும் இளைஞர்க்கு அளித்து, முடிவெடுக்கும் பொறுப்பை நம்மிடமே வைத்துக்கொண்டு, அவர்கள் பொறுப்பற்றவர் எனக் கூறுதல் முறையோ? மாணவர்க்கும் ஒரு சொல். வெள்ளம் வடிந்த பின்னரும் வடியாதிருப்பதே பண்பு. அதனைக் காப்பது உங்கள் கடமை. அதனை நம்புவது எங்கள் கடமை.