குச்சி ஊன்றப் பழகுவோருக்கு

நர்சரித் தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் எடுத்த எடுப்பில் கேட்பது, “எந்த ஹார்மோன் பவுடர் நல்லது?” என்பதுதான். அதற்குப் பதில் உண்டு. ஆனால் அதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியவை சில இருக்கின்றன. அவற்றைச் சொல்லிவிட்டு பவுடருக்கு வருகிறேன்.

1. மருந்து குச்சிக்குள்ளேயே இருக்கிறது. கொழுந்திலும் இளம் இலையிலும் ஆக்சின் என்ற ஹார்மோன் உண்டாகி, மணிக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வேகத்தில் அடிநோக்கி இறங்கிக்கொண்டே இருக்கிறது. கிளையை வெட்டினால் அதற்கு மேற்கொண்டு வழியில்லை, வெட்டுவாயில் தேங்குகிறது. அந்தத் தேக்கம்தான் தண்டின் செல்களை வேர் கட்டத் தூண்டுகிறது. முருங்கை, பூவரசு, கிளுவைப் போத்துகளை நம் ஆட்கள் எந்தப் பவுடரும் இல்லாமல்தான் காலங்காலமாக வேலியோரம் நட்டு வளர்த்தார்கள்.

2. தலைகீழாக ஊன்றாதீர்கள். ஆக்சின் கீழே இறங்குவது புவியீர்ப்பால் அல்ல. ஒவ்வொரு செல்லிலும் அது வெளியேறும் வாசல் அடிப்பக்கத்தில்தான் இருக்கிறது. குச்சியைக் கவிழ்த்து நட்டாலும் அது பழைய அடிமுனைக்கே, அதாவது காற்றில் நிற்கும் முனைக்கே போகும். இலையில்லாத முற்றிய குச்சிகளைக் கட்டுக்கட்டாக வெட்டும்போது தலை எது, கால் எது என்று குழம்பத்தான் செய்யும். வெட்டும்போதே தலையை நேராகவும் அடியைச் சாய்வாகவும் வெட்டிப் பழகுங்கள்.

3. தாய்ச்செடியைக் கவனியுங்கள். பவுடருக்குச் செலவழிக்கும் அக்கறையில் பாதியை இதற்குக் கொடுத்தாலே போதும். வயதான, பூத்துக் காய்த்த கிளையைவிட, கவாத்துக்குப் பின் வந்த இளங்கிளை பல மடங்கு எளிதாக வேர்விடும். ஆக்சின் ஏவலாம், ஏவலைக் கேட்கிற நிலையில் செல்கள் இருக்க வேண்டாமா? வயதான மாமரத்துக் கிளையை எவ்வளவு பவுடரில் புரட்டினாலும் வேர் வருவது அரிது. அதனால்தான் மாவுக்கு ஒட்டுக் கட்டுகிறோம். தாய்ச்செடிகளுக்குத் தனிப் பாத்தி வையுங்கள், அடிக்கடி வெட்டி இளமையாகவே வைத்திருங்கள், பூ மொட்டு உள்ள குச்சியை எடுக்காதீர்கள். வெயில் ஏறுமுன் வெட்டி ஈரச்சாக்கில் சுற்றுங்கள்.

4. பச்சைக் குச்சியில் இலையை முழுக்க உருவிவிடக் கூடாது. வேர் வரும்வரை ஆக்சினையும் சர்க்கரையையும் கொடுப்பது அந்த இலைகள்தான். மேலே இரண்டு மூன்றை விட்டு, பெரிய இலையாக இருந்தால் பாதியாக நறுக்குங்கள். இலை வாடாமல் காக்க, பனிப்புகை வசதி இல்லையென்றால் பாலித்தீன் கூடாரம் போதும்.

5. இப்போது பவுடர். 1928-இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் பிரிட்ஸ் வென்ட் என்பவர், ஓட்ஸ் நாற்றின் நுனியை அகார் துண்டின்மேல் வைத்து, அதிலிருந்து இறங்கிய பொருளே வளர்ச்சியைத் தூண்டுகிறது என்று காட்டினார். செடியில் இயல்பாக இருக்கும் ஆக்சின் ஐஏஏ. அது வெளிச்சத்திலும் தண்டின் நொதிகளாலும் சீக்கிரம் சிதைந்துவிடும். 1935-இல் அமெரிக்காவின் பாய்ஸ் தாம்ப்சன் ஆய்வகத்தில் சிம்மர்மேன், வில்காக்சன் இருவரும் ஐபிஏ, என்ஏஏ என்ற ஆக்சின்களின் வேர்விடச் செய்யும் திறனை எடுத்துக்காட்டினார்கள். ஐபிஏ சிதைய நாளாகும், தண்டையும் அதிகம் சுடாது. கடையில் விற்கும் வேர்ப் பவுடர் பெரும்பாலும் இதுதான், டால்க்கில் கலந்தது.

6. அளவு மீறாதீர்கள். மென்தண்டுக்கு 500 முதல் 1000 பிபிஎம், பாதி முற்றியதற்கு 1000 முதல் 3000, நன்கு முற்றிய தண்டுக்கு 3000 முதல் 8000 வரை என்பது பொதுக்கணக்கு. லிட்டருக்கு ஒரு கிராம் என்றால் 1000 பிபிஎம். ஐபிஏ தண்ணீரில் எளிதில் கரையாது. முதலில் ஆல்கஹாலில் கரைத்துவிட்டு அதே அளவு தண்ணீர் சேர்க்க வேண்டும். அந்தக் கரைசலில் அடிமுனையை ஐந்து நொடி முக்கினால் போதும்.

அதிகம் போட்டால் அதிகம் வேர் வரும் என்ற நினைப்புத்தான் புதியவர்களைக் கவிழ்க்கிறது. வேரைத் தொடங்கிவைப்பது ஒரு வேலை, தொடங்கிய வேரை நீளச் செய்வது வேறு வேலை. முதலாவதற்குத் தேவைப்படும் ஆக்சின் அளவு இரண்டாவதைத் தடுத்துவிடும். மிகுந்த ஆக்சின் தண்டில் எத்திலினை உண்டாக்கும். வாழைத்தாரைப் பழுக்கவைக்கும் அதே வாயு. இலை மஞ்சளாகி உதிரும், அடி வீங்கிக் கறுக்கும், மொட்டு திறக்காது. களைக்கொல்லியான 2,4-டியும் ஆக்சின் வகையே என்பதை நினைவில் வையுங்கள்.

பவுடரை டப்பாவிலேயே தொட்டெடுக்காதீர்கள். ஒரு நாளுக்கு வேண்டியதைத் தட்டில் கொட்டி, மிஞ்சியதை வீசிவிடுங்கள். குச்சியைத் தட்டி உதறி, முன்பே துளையிட்ட குழியில் இறக்குங்கள். நேரே மண்ணில் குத்தினால் பவுடர் மேலேயே வழிந்து நின்றுவிடும்.

7. விண்பதியத்தில் மருந்தை மேல்விளிம்பில் தடவுங்கள். கொய்யாவிலும் எலுமிச்சையிலும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் அகலத்துக்குப் பட்டையை வளையமாக உரிக்கிறோம். இலையிலிருந்து இறங்கும் சர்க்கரையும் ஆக்சினும் வளையத்தின் மேல்விளிம்பில் தேங்குவதால் வேர் அங்கேதான் புறப்படும். கீழ்விளிம்பில் அப்பும் பசை வீண். உரித்த இடத்தின் வழுவழுப்பைச் சுரண்டிவிடாவிட்டால் பட்டை மறுபடி கூடிவிடும்.

8. எல்லா ஹார்மோனும் வேருக்கு நண்பன் இல்லை. ஜிப்ரெலின் தண்டை நீட்டும், குச்சியில் புதுவேர் வருவதைத் தடுக்கும். சைட்டோகைனினும் புதுவேரைத் தடுக்கும். 1957-இல் ஸ்கூக், மில்லர் இருவரும் புகையிலைத் திசுவில் காட்டினார்கள்: ஆக்சின் ஓங்கினால் வேர், சைட்டோகைனின் ஓங்கினால் தளிர். இளநீரில் குச்சியை ஊறவைக்கச் சொல்லும் வீடியோக்கள் நிறைய. இளநீரில் சைட்டோகைனின் இருக்கிறது. திசு வளர்ப்புக் கூடத்தில் அதற்கு மதிப்பு உண்டு, குச்சிக்கு அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அதைக் குடித்துவிட்டு வேலையைப் பாருங்கள்.

9. தளிரைக் கண்டு வேர் வந்துவிட்டது என்று நம்பாதீர்கள். தண்டில் சேமித்த உணவைக் கொண்டே மொட்டு விரியும். வேர் வராவிட்டால் பிறகு ஒரே வாரத்தில் கருகும். மெல்ல இழுத்துப் பார்த்தால் பிடித்து நிற்க வேண்டும். அதற்காக நாளுக்கொரு முறை பிடுங்கிப் பார்ப்பதும் தவறு.

10. வேருக்குக் காற்று வேண்டும். ராமேசுவரம் பக்கம் தங்கச்சிமடத்து மல்லிகைப் பதியன்கள் மணற்பாங்கான நிலத்தில் வளர்ந்துதான் ஊர் ஊராகப் போகின்றன. நீர் தேங்கிய களியில் எந்த ஹார்மோனும் பலிக்காது. ஆற்றுமணலும் மக்கிய தென்னை நார்க்கழிவும் கலந்தால் போதும்.

11. வேர் விட்டபின் ஐபிஏ வேண்டாம். அப்போது அசோஸ்பைரில்லம் கொடுக்கலாம். அந்த பாக்டீரியா தானே ஐஏஏ சுரந்து பக்கவேர்களையும் வேர்த்தூவிகளையும் பெருக்கும்.

12. ஒவ்வொரு முறையும் ஒரு தட்டு குச்சியை மருந்தில்லாமல் ஊன்றி, தேதியும் தாய்ச்செடியும் எழுதி வையுங்கள். செம்பருத்தியில் அந்தத் தட்டும் மருந்திட்ட தட்டும் ஒன்றுபோல் வேர்விட்டிருந்தால், அடுத்த முறை செம்பருத்திக்கு மருந்து வாங்காதீர்கள்.