பனியில் உறங்கிக் கதிர் ஈனும் டிரிட்டிகேல்

போலந்து நாட்டில் குளிர்காலத்தில் வயல்களைப் பனி மூடும். அங்குள்ள நிலங்களுள் பல மணற்பாங்கானவை, அமிலத்தன்மை மிக்கவை. அவற்றில் கோதுமை செழிப்பதில்லை. ரை என்னும் தானியம் தாக்குப்பிடிக்கும். ஆயின் விளைச்சல் குறைவு. கோதுமையின் விளைச்சலும் ரையின் வன்மையும் ஒரே பயிரில் அமைந்தால் உழவருக்கு எத்துணை நன்மை! அந்நோக்குடன் உருவாக்கப்பட்டதே டிரிட்டிகேல்.

தோன்றிய வரலாறு

நம் தோட்டங்களில் பெயர் பெற்ற ஆர்.ஆர்.ஐ.எம். 600 ரப்பரும் இருவகை மரங்களை இணைத்துப் பெற்றதே. ஆயினும் அவை ஒரே இனத்தவை. கோதுமையும் ரையும் வெவ்வேறு இனத்தவை. 1875இல் ஸ்காட்லாந்தில் வில்சன் என்பார் அவ்விரண்டையும் இணைத்தார். பிறந்த செடி, கோவேறு கழுதையைப் போல மலடாயிற்று. 1888இல் ஜெர்மனியில் ரிம்பாவ் என்பார் விதை தரும் செடியைப் பெற்றார். 1937இல் கோல்ச்சிசின் என்னும் பொருளால் செடியின் குரோமோசோம்களை இரட்டிப்பாக்கி, மலட்டுத்தன்மையை நீக்கும் வழி தெளிவாயிற்று. நாம் அறிந்த செங்காந்தட் கிழங்கிலும் உள்ள நச்சுப்பொருளே அது! பின்னர் 1982இல் போலந்து நாட்டில் 'லாஸ்கோ' என்னும் குளிர்கால வகை வெளியிடப்பட்டது.

பயிரிடும் முறை

செப்டம்பர் மாதப் பிற்பகுதியில், மூன்று நான்கு சென்டிமீட்டர் ஆழத்தில் விதைப்பர். பனிக்கு முன்பே பயிர் வேரூன்றித் தூர் கட்ட வேண்டும். காலந்தாழ்த்தி விதைத்த இளம்பயிரைக் கடுங்குளிர் எளிதில் அழித்துவிடும். குளிர் இப்பயிருக்குப் பகை மட்டுமன்று, தேவையும் ஆகும். சில வாரங்கள் குளிர் படாவிடில் அது உரிய காலத்தில் கதிர் ஈனாது. இளவேனிலில் தழைச்சத்து உரமிட்டால் விரைந்து வளரும். ஜூலை இறுதியிலோ ஆகஸ்டிலோ அறுவடை நடைபெறும். முற்றிய கதிரை மழையில் விட்டுவைத்தல் ஆகாது. மணிகள் கதிரிலேயே முளைத்துவிடும். தானியம் பெரும்பாலும் பன்றிக்கும் கோழிக்கும் தீவனமாகிறது. கோதுமை மாவுடன் கலந்து ரொட்டியும் சுடுவர்.

நாம் கொள்ளும் பாடம்

1875 முதல் 1982 வரை நூற்றேழு ஆண்டுகள்! முதலில் இணைத்த வில்சன் தம் செடியிலிருந்து ஒரு மணியும் பெறவில்லை. ஆயினும் அவர் தொடங்கியதைப் பிறர் கைவிடவில்லை. பெற்றோர்களே! தாங்கள் காணாத விளைச்சலுக்காகவும் விதைப்பவர்கள் தாங்கள். பிள்ளைகளின் கல்வியும் அத்தகையதே. மாணவர்களே! அவ்விதைப்பு வீண்போகாமல் காப்பது உங்கள் கடமை.