எல்லை கடந்த அஞ்சல்தலை

சிங்கப்பூரிலுள்ள உறவினர் பதில் எழுத வசதியாக, நம் இந்திய அஞ்சல்தலையை உறைக்குள் வைத்து அனுப்பலாமா? பயனில்லை. அது நம் அஞ்சல்துறைக்குச் செலுத்திய கட்டணத்தின் அடையாளம், அங்கே செல்லாது.

முன்பு செல்லுபடியாயிற்று! சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா ஆகியவை இந்திய ஆட்சியின் கீழ் இருந்தமையால், 1867 வரை அங்கே இந்திய அஞ்சல்தலைகளே வழங்கின. விக்டோரியா அரசியாரின் உருவம் கொண்ட அத்தலைமீது 'பி 172' என்ற முத்திரை இருந்தால், அது சிங்கப்பூரில் பயன்பட்டது. பர்மாவிலும் ஏடனிலும் இவ்வழக்கம் 1937 வரை நீடித்தது.

இன்று நம் தலை ஒட்டிய கடிதத்தை அயல்நாடுகள் ஏற்பதற்கு, 1874இல் பெர்ன் நகரில் 22 நாடுகள் செய்த ஒப்பந்தமே அடிப்படை. 1876இல் இந்தியாவும் சேர்ந்தது.

ஆகவே தோழிகளே, பழைய அஞ்சல்தலை கிடைத்தால் படத்தை மட்டும் பாராமல் முத்திரையையும் படியுங்கள். கடிதம் புறப்பட்ட ஊரை அதுவே சொல்லும்.