முதியோர்க்குக் கற்பிப்போர்

பள்ளி ஆசிரியராக விரும்புவோர் பட்டம் பெற்றுப் பி.எட். பயில்வர். முதியோர் கல்வி கற்பிப்போருக்கும் பயிற்சி வேண்டும். ஏனெனில், எழுத்தறியாதாரும் வாழ்க்கையை நன்கு அறிந்தவரே.

1991ஆம் ஆண்டு புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. ஊதியம் பெறாத தொண்டர்கள் பயிற்சி பெற்றுக் கற்பித்தனர். எழுத்துடன் மிதிவண்டி ஓட்டவும் கற்ற பெண்கள் பல்லாயிரவர். அப்பயிற்சி தொடக்கமே, கற்பிப்பவர், கற்போரிடமிருந்தும் நாள்தோறும் கற்றல் வேண்டும்.

மாணவர்களே! பெங்களூரில் பேருந்தின் கன்னடப் பலகையைப் படிக்க இயலாத பாட்டி உங்கள் இல்லத்திலும் இருக்கலாம். அவருக்கு நீங்கள் கற்பிக்கும்போது, பிழை கண்டு நகையாதீர்கள். அவருக்குத் தேவையான சொல்லிலிருந்தே தொடங்குங்கள்.

செயல்பாடு: இல்லத்துப் பெரியவர் ஒருவர் முதலில் படிக்க விரும்பும் ஐந்து சொற்களைக் கேட்டு எழுதுக.